கும்பகோணத்தில் இருந்துகொண்டு சென்னை ஆபீஸ் வேலை: தொடரலாமா, விடலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் 6 ஆண்டு அனுபவம். கும்பகோணம் அருகே கணவர் வீட்டில், மாமனார் மாமியாரோடு இருந்துகொண்டு வேலை பார்க்கிறீர்கள். மகனுக்கு 3 வயது. முழுக்க வீட்டிலிருந்தே வேலை, அல்லது வாரம் 3 நாள் ஆபீஸ், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கம்பெனி கேட்டிருக்கிறது. கழுத்து வலிக்கிறது, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன, மீட்டிங் நடுவில் நெட் போகிறது, "வீட்டுலதானே இருக்கே" என்று ஆளாளுக்கு வேலை சொல்கிறார்கள். கடைசியில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லதா கெட்டதா என்று முடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் உண்மையில் கேட்பது அதைவிடக் கூர்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இதே ஏற்பாட்டை இன்னும் மூன்று நான்கு வருடம், உடம்பும் உத்தியோகமும் கெடாமல் நடத்த முடியுமா? பணியிட உடல்நலத்தில் பயிற்சி பெற்றும், வீட்டிலிருந்து வேலை செய்யும் குழுக்களுக்கு மேசை, நெட், மின்சார ஏற்பாடுகளைச் செய்துகொடுத்தும் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். அதிலிருந்து சொல்கிறேன்: முடியும், ஆனால் இப்போது இருக்கிற நிலையில் முடியாது. ஆபீசில் ஜெனரேட்டர் இருந்தது, இரண்டு நெட் லைன் இருந்தது, உயரம் மாற்றும் நாற்காலி இருந்தது, வேலை முடிந்ததும் கிளம்ப ஒரு கேப் இருந்தது, பக்கத்து சீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இருந்தது, நீங்கள் உழைப்பதை நேரில் பார்க்கும் மேனேஜர் இருந்தார். இதற்கெல்லாம் நீங்கள் தனியாக எந்த முயற்சியும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவை ஒவ்வொன்றுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்ற வீடுகளில் இந்த ஏற்பாடு நன்றாக நடக்கிறது. மற்ற வீடுகளில் அந்தச் செலவு கழுத்திலும் தூக்கத்திலும் அப்ரைசலிலும் போய்க் கழிகிறது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இரு தரப்பினரும் தங்களுக்குத் தோதான பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதிகம் பேசப்படுவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் 2010-11-ல் சீனாவின் சிடிரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் நடத்திய சோதனை. விருப்பம் தெரிவித்த 249 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை 9 மாதம், வாரம் 4 நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இதைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிற மூன்று விஷயங்கள் உண்டு. அந்த 13 சதவீதப் புள்ளிகளில் 9, இடைவேளையும் விடுப்பும் குறைந்து அதிக நிமிடம் வேலை பார்த்ததால் வந்தது. ஒரே அளவு வேலை காட்டியவர்களுக்குள், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்தது. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீசுக்கே திரும்பினார்கள். தனிமை பெரிய காரணமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தச் சோதனையில் சேரவே, வீட்டில் வேலைக்கென்று தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நம் ஊருக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று சென்னையிலேயே நடந்தது. டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகியோர் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆட்களை எடுத்து, வீட்டுக்கும் ஆபீசுக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2023-ல் வெளியான முடிவு: வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தி 18 சதவீதம் குறைவு. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, ஆபீசில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. வீட்டிலிருந்து வேலை வேண்டும் என்று விரும்பியவர்கள்தான் வீட்டில் அதிகமாகப் பின்தங்கினார்கள்: அவர்களுக்கு 27 சதவீதம் குறைவு, ஆபீசை விரும்பியவர்களுக்கு 13. வீடு எவருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ, அவர்களுடைய வீட்டில்தான் குழந்தையும் சமையலும் முதியோரும் அதிகமாகக் குறுக்கிடுகின்றன என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இந்தப் புரிதல் என்னுடையது. எண்கள் மட்டுமே அவர்களுடையவை.

மூன்றாவது சோதனை உங்கள் முடிவுக்கு மிக நெருக்கமானது. சிடிரிப், டிரிப்.காம் என்று பெயர் மாறியபின், 2021-22-ல் 1,612 ஊழியர்களிடம் நடந்தது. 2024-ல் நேச்சர் இதழில் வந்தது. இவர்கள் பொறியாளர்கள், மார்க்கெட்டிங், கணக்குப் பிரிவு ஆட்கள். வாரம் 2 நாள் வீடு, 3 நாள் ஆபீஸ். அடுத்த 2 ஆண்டுகளில் வேலை மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ வித்தியாசம் இல்லை. வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக, இதுவரை உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அனுபவமுள்ளவர்களுக்குக் கலப்பு முறை கெடுதல் செய்யவில்லை, வேலையை விடாமல் இருக்க உதவுகிறது. முழு வாரமும் வீடு என்பதன் பலன் வேலையின் தன்மையையும் வீட்டின் அமைப்பையும் பொறுத்தது. கால் சென்டர் எண்ணையோ டேட்டா என்ட்ரி எண்ணையோ எடுத்து டெஸ்டிங் வேலைக்கு அப்படியே பொருத்துவது சரியில்லை. ஐந்து, பத்து வருடம் முழுக்க வீட்டிலிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சோதனைகளில் விடை இல்லை. அவை மாதங்களையும் ஓரிரு ஆண்டுகளையும்தான் அளந்தன.

இனி உங்கள் கை. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவசரம். சுண்டு விரலும் மோதிர விரலும் சேர்ந்து மரத்தால், பெரும்பாலும் முழங்கையின் உள்பக்கம் ஓடும் அல்நார் நரம்பு அழுத்தப்படுகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்தால் அது மணிக்கட்டில் வரும் வேறு பிரச்சினை. உங்கள் விஷயத்தில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: மேசையின் கூர்மையான விளிம்பில் முழங்கையை ஊன்றுவது, முழங்கையை மடக்கிப் போனைக் காதில் வைத்து நீண்ட நேரம் பேசுவது. இன்றே மேசை விளிம்பில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போடுங்கள். போன் கால் எல்லாம் ஹெட்செட்டில் பேசுங்கள். தூங்கும்போது கையை மடக்கித் தலைக்கடியில் வைக்காதீர்கள். கழுத்திலிருந்து வலி கைக்கு இறங்கினாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, சாவி திருப்பக் கஷ்டமாக இருந்தாலோ, நாள் தள்ளாமல் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் போய்விடுங்கள். விரல்களை நேரில் பரிசோதிக்காமல் யாரும் இதை உறுதிசெய்ய முடியாது.

கழுத்து வலிக்குக் காரணம் பெரும்பாலும் லேப்டாப்பின் அமைப்பே. திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால், கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்குச் சரியாக வைத்தால் தோள் தூக்கும். தனியாக ஒரு கீபோர்டும் மவுசும் வாங்குவதுதான் இதற்கு எளிய வழி. இரண்டும் சேர்ந்து 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே வருமாறு வையுங்கள். தூரம் ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர்.

அடுத்தது மேசை உயரம். இதைத்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள். நீங்கள் சொன்ன டைனிங் டேபிள் வழக்கமாக 75 சென்டிமீட்டர் இருக்கும். பாதம் தரையில் படிய உட்கார்ந்து, மேல்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை 90 டிகிரி மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை டேப்பால் அளந்து பாருங்கள். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 60 முதல் 63 வரும். அப்படியென்றால் மேசை உங்களுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் அதிகம். நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடி தட்டச்சு செய்கிறீர்கள். மேசைக் காலை வெட்ட முடியாது என்பதால், இருக்கையை அந்த அளவுக்கு உயர்த்தி, காலுக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள். வீட்டில் இருக்கிற மணைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் போதும். வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கை பின்னோக்கிச் சரிந்திருக்கும். இடுப்பு முட்டியைவிடத் தாழ்ந்து முதுகு வளையும். பின்பகுதியில் மடித்த போர்வையைப் போட்டுச் சமப்படுத்தி, இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டை வைத்தால் சில மாதம் ஓட்டலாம். புது நாற்காலி வாங்குவதாக இருந்தால் தலைச்சாய்ப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். இருக்கை உயரமும் கைப்பிடி உயரமும் மாற்ற வர வேண்டும், முட்டியின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், முக்கியமானவை இவைதான். ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு உட்காருங்கள். எதிரில் இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் பட்டால் கண் காய்ந்து எரியும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. எவ்வளவு நல்ல நாற்காலியாக இருந்தாலும், அரை மணிக்கொரு முறை இரண்டு நிமிடம் எழுந்து நிற்காவிட்டால் வலி திரும்ப வரும்.

நெட் போவது குறித்து "பிளானை மாற்றலாமா" என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒரு நல்ல வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் போதும். உங்களிடம் இருப்பது 100. வேகத்தில் குறையில்லை, தொடர்ச்சிதான் அறுகிறது. எங்கே அறுகிறது என்று கண்டுபிடிக்க லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் திரைகளைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றொன்றில் இணையத்தில் உள்ள 8.8.8.8-க்கும் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை) கொடுங்கள். ரவுட்டரிலிருந்தே பதில் ஒரு சமயம் 3 மில்லிசெகண்டிலும் மறு சமயம் 300-லும் வந்தால், கோளாறு உங்கள் வைஃபையில். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்து வெளியே மட்டும் அறுந்தால், கோளாறு லைனில். ரவுட்டர் ஹாலில் டிவி பக்கத்திலும் நீங்கள் இரண்டு செங்கல் சுவர் தாண்டியும் இருப்பதால், முதலாவதுதான் என்று ஊகிக்கிறேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சட்டென்று பலவீனப்படும், 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதிலேயே மோதும். ரிப்பீட்டர் வாங்குவதைவிட, ரவுட்டரிலிருந்து அறைக்குக் கேட் 6 லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் சிறிய யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கிறது.

லைன்தான் போகிறது என்றால், ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை என்று காட்டுவது) என்ற விளக்கைப் பாருங்கள். சிவப்பாக எரிந்தால் வெளியே ஃபைபர் அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போடுவதால் பயனில்லை, ஆபரேட்டரைத்தான் கூப்பிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் இது சகஜம். மாற்று ஏற்பாடாக இரண்டாவது ஃபைபர் போடுகிறவர்கள் உண்டு; இரண்டும் ஒரே மின்கம்பத்தில் தொங்கினால், மரம் விழும்போது இரண்டும் சேர்ந்தே அறும். வேறு நிறுவனத்தின் மொபைல் சிம் உள்ள போனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்துப் பயன்படுத்துவதுதான் உண்மையான மாற்று. வீடியோ மீட்டிங் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி எடுக்கும் என்பதால், மாற்று லைனில் இருக்கும்போது கேமராவை அணைத்துவிடுங்கள்.

கரண்ட் போனதும் நெட்டும் போகிறது என்றால், இன்வெர்ட்டரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். சில உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் தெருவில் வைத்திருக்கும் கருவிக்கே மின்சாரம் தேவை; அங்கே பேட்டரி இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் எவ்வளவு பேக்கப் இருந்தும் பயனில்லை. இணைப்பு எடுக்கும் முன் "கரண்ட் போனால் உங்கள் பக்கம் எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று கேட்க வேண்டும், இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற ஆபரேட்டரைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ்ஸில் 8,800 எம்ஏஹெச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. அது 32 வாட்-மணி மட்டுமே. 10 வாட் ரவுட்டருக்கு 3 மணி நேரம்கூட முழுசாக வராது. ஆனால் அதற்கு இன்னொரு பலன் உண்டு. இன்வெர்ட்டர் மாறுகிற நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழ 2, 3 நிமிடம் எடுக்கும். மினி யுபிஎஸ் இருந்தால் அந்தத் துண்டிப்பு நடக்காது. வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏஹெச் பேட்டரி என்றால் 12 வோல்ட்டால் பெருக்க 1,800 வாட்-மணி. இழப்பையும், முழுசாகக் காலி செய்யக் கூடாது என்பதையும் கழித்து 1,200 என்று வையுங்கள். பழைய மின்விசிறி 75, எல்இடி டியூப் 20, லேப்டாப் 60, ரவுட்டர் 12 என 167 வாட்டுக்கு 7 மணி நேரம் வரும். துணை மின்நிலைய மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 வரையோ மாலை 5 வரையோ நிறுத்தும் நாளைக்கூட இது கிட்டத்தட்ட தாங்கிவிடும். ஹால் டிவியும் இன்னும் மூன்று மின்விசிறிகளும் அதே இன்வெர்ட்டரில் ஓடினால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த நிறுத்தம் முந்தைய நாள் செய்தித்தாளில் வந்துவிடுவதால், அன்றைக்கு முக்கியமான டெமோ வைக்காதீர்கள். ஏசி போடுவதாக இருந்தால் ஈ.பி. கணக்கையும் பாருங்கள்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மேல் அட்டவணைக்கு மாறிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தால் தீர்வது. வீட்டு ஆட்கள் விஷயம் அப்படித் தீராது. ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன்: 3 வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் முழுநேர வேலையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்யக்கூடியவை அல்ல. குழந்தை தூங்கும்போது வேலை பார்க்கலாம் என்று திட்டமிடுகிற அம்மாக்கள் கடைசியில் நள்ளிரவில் டெஸ்ட் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். அங்கன்வாடியோ பிளே ஸ்கூலோ, மாமியார் விருப்பத்தோடு ஒப்புக்கொண்ட நேரமோ, சம்பளத்துக்கு ஒருவரோ, தினமும் குறைந்தது 5 மணி நேரம் குழந்தை வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். இதை உங்கள் கணவர்தான் தன் அப்பா அம்மாவிடம் பேச வேண்டும். மருமகள் கேட்டால் சலுகை கேட்பதாகத் தெரியும். மகன் சொன்னால் வீட்டு ஒழுங்காக ஏற்பார்கள். பேசும்போது "தொந்தரவு பண்ணாதீங்க" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. "அத்தை, 8-லிருந்து 12 வரைக்கும் கதவு சாத்தியிருக்கும். சிலிண்டர்காரர் வந்தாலும் கூப்பிட வேண்டாம். 12 மணிக்கு நானே வெளியே வந்து சாப்பாட்டு வேலையைப் பார்க்கிறேன்" என்று நேரத்தையும் எதற்குக் கூப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன 12 மணிக்கு நீங்கள் வெளியே வரவும் வேண்டும். இரண்டு வாரம் நீங்கள் தவறாமல் வந்தால்தான் கதவு சாத்தியிருப்பதை அவர்கள் மதிப்பார்கள்.

அந்த நேரங்களை எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது உங்கள் இரவு உணவு நேரமும் சேர்ந்து நகரும். காலை 10-லிருந்து தொடர்ந்து உட்கார்ந்து இரவு 9 வரை இழுப்பதுதான் பலரும் செய்வது. சம்பளம் 8 மணி நேரத்துக்கு, உழைப்பு 11 மணி நேரத்துக்கு. 8 முதல் 12, 3 முதல் 5:30, 7 முதல் 8:30 என்று மூன்றாக உடைத்தால் 8 மணி நேரம் சரியாக வருகிறது, மதியம் மகனோடு இருக்கலாம். இதை மேனேஜரிடம் சொல்லி, காலண்டரில் எல்லோருக்கும் தெரியுமாறு பதிந்துவிடுங்கள். இது வெறும் வசதிக்காக அல்ல. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35-40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று கணக்கிட்டார்கள். தினமும் 11 மணி நேரம் என்றால் ஐந்து நாளில் 55 ஆகிவிட்டது.

இனி முடிவு. கும்பகோணத்திலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வழிக்கே 6, 7 மணி நேரம். வாரம் 3 நாள் ஆபீஸ் என்றால் அதன் உண்மையான பொருள் சென்னைக்குக் குடிபெயர்வது. அதனால் இரண்டு சம்பளக் கணக்கு எழுதிப் பாருங்கள். சென்னைக் கணக்கில் வாடகை, அட்வான்ஸ், குழந்தை காப்பகம், பயணம். ஊர்க் கணக்கில் நாற்காலி, நான்கைந்து வருடத்துக்கு ஒரு பேட்டரி, மாற்று சிம், பிள்ளையைப் பார்ப்பவருக்குச் சம்பளம், மாதாமாதம் சென்னைப் பயணமும் தங்கலும். பழைய வரி முறையில் இருந்தால் ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) விலக்கும் மாறும்: உண்மையில் வாடகை கொடுத்தால்தான் விலக்கு, சென்னையில் அடிப்படைச் சம்பளத்தின் 50 சதவீதம் வரை, கும்பகோணத்தில் 40. புதிய வரி முறையில் இந்த விலக்கே கிடையாது. ஊரில் இருந்துகொண்டு பழைய சென்னை வாடகை ரசீதையே கொடுத்து வராதீர்கள். பிடிபட்டால் வரியோடு வட்டியும் அபராதமும் சேரும்.

கம்பெனி தந்த இரண்டு வாய்ப்புகளிலும் நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது எதுவுமில்லை. மூன்றாவது ஒன்றைக் கேளுங்கள்: மூன்று வாரம் வீடு, மாதத்தில் ஒரு வாரம் ஆபீஸ். உங்களுக்கு 6 ஆண்டு அனுபவம் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒருவர் கேட்டிருந்தால், எப்படியாவது ஆபீசுக்குப் போங்கள் என்றே சொல்லியிருப்பேன். அந்த வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்பதை எந்த வீடியோ காலும் தருவதில்லை. உங்களுக்கு ஆபத்து கற்றலில் இல்லை, கண்ணில் படாமல் போவதில் இருக்கிறது. அதற்கு மாதம் ஒரு வாரம் போதும் என்பது என் அனுபவக் கணிப்பு; ஆய்வு முடிவு அல்ல. கூடவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேனேஜருக்கு ஐந்து வரி அனுப்புங்கள்: கண்டுபிடித்த முக்கியப் பிழைகள், அவற்றால் தவிர்க்கப்பட்ட சேதம், தடைபட்டு நிற்பது எது, அடுத்த வாரம் என்ன. அப்ரைசல் நேரத்தில் ஐம்பது வெள்ளிக்கிழமை மெயில்கள் உங்கள் கையில் இருக்கும்.

அந்த வீட்டில் கதவு உள்ள அறை கிடைக்காது, அல்லது குழந்தையை 5 மணி நேரம் பார்க்க யாரும் இல்லை என்றால், என் பதில் மாறும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சென்னைக்கு வருவதே நல்லது. நெட்டையும் நாற்காலியையும் ஒரு மாதத்தில் சரிசெய்துவிடலாம், இவை இரண்டையும் அப்படிச் செய்ய முடியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பொதுவான சட்ட உரிமை இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம்கூட, மகப்பேறு விடுப்புக்குப் பின் வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு செய்யலாம் என்றுதான் சொன்னது. உங்கள் ஆஃபர் லெட்டரில் பணியிடம் சென்னை என்று இருந்தால், எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கூப்பிட அவர்களுக்கு வழி இருக்கிறது. ஹெச்.ஆருக்கு அனுப்பும் மெயிலில் நான்கு விஷயங்களுக்குப் பதில் கேளுங்கள்: பணியிடம் எது என்று பதிவாகும், திரும்பக் கூப்பிட எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் (90 நாள் கேளுங்கள், 60 கிடைத்தாலும் நல்லது), ஆபீஸ் வாரத்தின் பயணச் செலவு யாருடையது, லேப்டாப் திருட்டோ மின்னழுத்தத்தால் பழுதோ ஆனால் பொறுப்பு யாருடையது. போனில் சொன்னார்கள் என்றால் "நீங்கள் சொன்னபடி நான் புரிந்துகொண்டது இது" என்று அன்றைக்கே மெயில் போட்டுவிடுங்கள். தேர்வைச் சொல்லக் கம்பெனி கொடுத்த கெடுவுக்கு முன்பே இதை அனுப்ப வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு கேட்டால் பதில் வருவது கடினம்.